செய்திக்குக் கூலி

செய்தி திரட்டுகிறவன் ஒருவன், அதைக் காட்டிப் பணம் பண்ணுகிறவன் மற்றொருவன் என்பதே இன்று பத்திரிகை உலகத்தின் நிலைமை. பேஸ்புக், கூகுள் கம்பெனிகளிடம் ஜனங்கள் கூடுகிறார்கள். ஜனங்கள் கூடுமிடத்துக்கு விளம்பரப் பணமும் போய்விடுகிறது. ஆகவேதான் “செய்திக்குக் கூலி கொடு” என்று ஆஸ்திரேலியா 2021லும், கனடா 2023லும் சட்டம் செய்தன.

கம்பெனியார் சொல்லும் சமாதானம் என்னவென்றால், பத்திரிகைக்காரர்கள் தாங்களாகவே செய்தியைக் கொண்டுவந்து போடுகிறார்கள், அதனால் வாசகரையும் பெறுகிறார்கள் என்பதாகும். இதில் கொஞ்சமும் நியாயமில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சந்தையில் கடை போடுகிறவன் சந்தைக்காரனிடம் கூலி கேட்பதுண்டா என்று தோழர்கள் கேட்கக்கூடும். ஊருக்கு ஒரே சந்தை, அதற்குப் போகும் வழியும் அவனுடையதே என்றால் அப்பொழுது என்ன சொல்லுவது?

அந்த வழியை அவன் அடைத்தும் காட்டினான். 2021 பிப்ரவரி 18ந் தேதி ஆஸ்திரேலியாவில் பேஸ்புக் செய்தியை நிறுத்தியபோது, வானிலை இலாகா, சுகாதார இலாகாக்களின் பக்கங்களுங்கூட மறைந்தன. அது கொரோனா காலம்! சர்க்கார் சட்டத்தைத் தளர்த்திக் கொடுத்த பிறகே வழி திறந்தது. கனடாவில் 2023 ஆகஸ்டு முதல் தடை போட்டார்கள். அதே மாதத்தில் எல்லோநைஃப் நகரைக் காட்டுத்தீ நெருங்கி, சுமார் 20,000 ஜனங்கள் வீடுகளை விட்டு ஓட நேர்ந்தது. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று எழுதிய பத்திரிகைச் செய்தியை ஒருவருக்கொருவர் பேஸ்புக்கில் அனுப்ப முடியவில்லை. தீயைக் கண்டும் தடை நீக்கப்படவில்லை.

நிற்க, சட்டத்தின் ஓட்டை எங்கே? “செய்தியைக் காட்டினால் பணம் கொடு” என்றால், “காட்டவில்லை, கொடுக்கவில்லை” என்று சொல்ல யாருக்குத்தான் தெரியாது? 2024 டிசம்பரில் ஆஸ்திரேலிய சர்க்கார் வேறு யோசனை அறிவித்தது. செய்தியைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் பெரிய கம்பெனிகள் வரி கட்டவேண்டும், பத்திரிகைகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டால் வரியில் கழிவு உண்டு என்பதாக. இதுவே புத்தியுள்ள வழி.

ஆனால் பத்திரிகை முதலாளிகளையும் நாம் சும்மா விடுவதற்கில்லை. ஆஸ்திரேலியாவில் 2021 முதல் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் தொகை இரகசியம். வெயிலில் அலைந்து செய்தி கொண்டுவந்தவனுக்கு அதில் எத்தனை காசு போயிற்று என்று யார் கண்டது? கனடாவிலோ, கூகுள் ஆண்டுக்குக் கொடுக்க ஒப்பிய 10 கோடி கனடா டாலரை, செய்தியாளர்கள் வேலை செய்த நேரத்தைக் கணக்கிட்டுப் பங்கிடுகிறார்கள். வரி போடப்போகிற சர்க்கார் இந்தக் கணக்கையும் சட்டத்திலேயே எழுதிவிடட்டும்.