பன்னாடையைத் திட்டாதீர்கள்

ஒன்றுக்கும் உதவாதவர் என்று ஒருவரைத் திட்ட 'பன்னாடை' என்கிறோம். வானொலியில் அந்தச் சொல்லை நான் உச்சரிக்க முடியாது. பத்திரிகையில் அதன் பொருளையாவது சொல்லலாம், இல்லையா?

தென்னை, பனை மட்டைகளின் அடியில் மரத்தைச் சுற்றி வலைபோலப் பின்னிக்கிடக்கும் நார்தான் பன்னாடை. கள் இறக்கியவர்களுக்கு அதுவே வடிகட்டி. நெய் அரிக்கவும் அதையே எடுத்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், கடை மாணாக்கரை நெய்யரிக்கு ஒப்பிட்டார். நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்கிறவர் என்று பொருள். மாணவனுக்கு அது குறைதான். ஆனால் நெய்யரிக்கு வேலையே அதுதானே! கசடைச் சரியாகப் பிடித்துக்கொண்டால்தான் கோப்பையில் விழுவது குடிக்கும்படி இருக்கும்.

பினாங்கில் பன்னாடையின் இன்றைய வாரிசு எது தெரியுமா? மாமாக் கடையிலும் கோப்பிக் கடையிலும் கம்பி வளையத்தில் தொங்கும் அந்தக் கறுத்த துணிப்பை. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் என்று நாம் பசியாறும் பழக்கத்தை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜோர்ஜ்டவுனில் இருக்கும் நமக்கு அது பெருமைதான். தே தாரிக் என்றதும் இரண்டு கோப்பைகளுக்கு நடுவே நீளும் நுரையைத்தான் எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். அதற்கு முன்பே பாதி வேலையைப் பை முடித்துவிடுகிறது.

எப்படி என்கிறீர்களா? நம் கடைகளில் தே போடுவது பெரும்பாலும் தூள் தேயிலையில்தான். தூள் சிறிதாக இருப்பதால் சாயம் சீக்கிரம் இறங்கும். துணியின் கண்களையும் சீக்கிரம் அடைக்கும். கண் அடைத்தால் நீர் மெதுவாக இறங்கும். நீர் மெதுவாக இறங்கினால் தூள் கொதிநீரில் கூடுதல் நேரம் ஊறும், கசப்பும் துவர்ப்பும் ஏறும். அப்போது நாம் தூளைக் குறை சொல்கிறோம், வேறு நிறுவனத்துக்கு மாறுகிறோம். பை அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே வாசகர்களே, இந்த வாரம் துணியைப் பார்ப்போம்.

நல்ல பைக்கு ஏற்றது பெலாச்சு என்று இங்கே நாம் சொல்லும் வெளுக்காத பருத்தித் துணி. தமிழ்நாட்டில் காடாத்துணி என்பார்கள். லிட்டில் இந்தியா துணிக்கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். வாங்கும் முன் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கொசுவலைபோல ஓட்டைகள் தனித்தனியாகத் தெரிந்தால் தூள் கோப்பைக்குள் வந்துவிடும். வெளிச்சமே வரவில்லை என்றால் நீர் இறங்காது. இழைகள் நெருங்கியிருக்க, வெளிச்சம் மங்கலாகக் கசிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டை நனைத்து அதன்மேல் ஒரு கோப்பை நீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கி நிற்காமல், ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் ஒழுகினால் அது நம் துணி.

"நைலான் பை சுலபம்தானே? கறை பிடிக்காது, சட்டென்று காயும்" என்று ஒரு நேயர் கேட்டார். நியாயமான கேள்வி. தேங்காய்ப் பால் பிழியவும் சோயா பால் வடிக்கவும் பலர் வீட்டில் நைலான் பை இருக்கிறது. ஆறிய பொருளுக்கு அது போகட்டும். கொதிநீருக்கு நான் அதை எடுப்பதில்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பிளாஸ்டிக்கால் செய்த தேயிலைப் பைகளை 95 பாகை சூட்டு நீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். ஒரே பையிலிருந்து சுமார் 1,160 கோடி நுண்துகள்கள் நீரில் கலந்தன என்று எழுதினார்கள். அந்த எண்ணிக்கை மிகையோ என்று வேறு விஞ்ஞானிகள் கேட்டதும் உண்மை. அவர்கள் சோதித்தது சிறு தேயிலைப் பைகளைத்தான், நம் வடிகட்டும் பையை அல்ல. இருந்தாலும் ஒரு நாளைக்கு மூன்று வேளை, வருடக்கணக்காகக் கொதிநீர் ஊற்றப்போகும் ஒன்றுக்குப் பருத்தி கிடைக்கும்போது எதற்குப் பிளாஸ்டிக்?

தைப்பது அரைமணி நேர வேலை. பருத்தி சுருங்கும் என்பதால் வெட்டும் முன் துணியைப் பதினைந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். துணியில் ஏற்றிய கஞ்சியும் அப்போது வெளியேறும். நீர் மஞ்சளாக வந்தால் மாற்றி, மறுபடி கொதிக்க விடுங்கள். 12 சென்டிமீட்டர் வளையத்துக்கு 42 சென்டிமீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் உயரமும் போதும். மடிப்புக்கும் தையலுக்கும் போக 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பை கிடைக்கும். அடிப்பக்கத்தை வளைவாக வெட்டுங்கள். மூலை இருந்தால் தூள் அங்கே போய் அடைந்துகொள்ளும். ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். இல்லையென்றால் பிரிந்த நூல் தேத்தண்ணியில் மிதக்கும். வளையம் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாக இருக்கட்டும். ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: தைக்கும் நூலும் பருத்தியாக இருக்க வேண்டும். தையற்கடையில் சொல்லாவிட்டால் பாலியெஸ்டர் நூலில்தான் தைத்துத் தருவார்கள். பருத்தித் துணி தேடி வாங்கியதன் பயன் பாதி போய்விடும்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் பள்ளித் தோழி வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறாள். அங்கே அது பொழுதுபோக்கு. முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லியைப் பெரிய துணிப்பையில் போட்டு, சுமார் 65 பாகை சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு பையோடு தூக்கிவிடுவார்கள். 5 கிலோ பார்லி நனைந்தால் ஏறக்குறைய இரு மடங்கு எடையாகிவிடும். அந்தப் பாரம் தாங்கத் தையலுக்கு மேல் நாடா வைத்துத் தைக்கிறாள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம். கள்ளும் சம்சுவும் நம் தோட்டக் குடும்பங்களை என்ன பாடுபடுத்தின என்று பெரியவர்களைக் கேட்டால் தெரியும். எனவே அந்தப் பையைத் தைக்கச் சொல்லி நான் யாரையும் தூண்டப் போவதில்லை. ஆனால் அவள் சொன்ன ஒன்று நமக்கும் பொருந்தும். "பைக்குள் தானியம் நெருக்கியடிக்கக் கூடாது, புரண்டு படுக்க இடம் வேண்டும்" என்றாள். தேயிலையும் அப்படித்தான். நனைந்தால் உப்பும். பையில் பாதிக்கு மேல் தூள் போடாதீர்கள்.

என் அப்பாவுக்கு இந்தப் பை வேறொரு காரணத்தால் முக்கியமானது. அவர் தோட்டத்தில் வளர்ந்தவர். கோப்பித்தூளைக் கெட்டிலிலேயே கொதிக்கவிட்டு, மண்டியை அடியில் படியவைத்து, மேலாக ஊற்றிக் குடிப்பார். கடந்த ஆண்டு இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடியிருந்தது. கோப்பி எண்ணெயில் காஃபெஸ்டால் என்றொரு பொருள் இருக்கிறது. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் என்பதை நார்வே, நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1980, 90களிலேயே கண்டறிந்தார்கள். வடிகட்டாமல் கொதிக்கவைத்த கோப்பியில் அது அதிகம். 2011இல் வெளியான ஒரு சிங்கப்பூர் ஆய்வில், துணிப்பையில் வடித்த கோப்பியில் அது மிகக் குறைவாகவே இருந்தது. எண்ணெயில் பெரும்பகுதியைத் துணியும் மண்டியும் பிடித்துக்கொள்கின்றன.

கோப்பியை விடச் சொன்னால் அப்பா விடமாட்டார். பையில் வடிக்கச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். மருத்துவர் கொடுத்த மாத்திரையும் தொடர்கிறது, கெட்டிப்பாலும் குறைந்திருக்கிறது. பை மருந்தாகாது, இருக்கிற பழக்கத்தில் ஒரு கெடுதலைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

இனி பராமரிப்பு. சவர்க்காரம் கூடவே கூடாது. பருத்தி அந்த மணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த கோப்பையில் கொடுக்கும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, சுடுநீரில் அலசி, வெயிலில் உலர்த்துங்கள். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். மழைக்காலத்தில் நம் ஊர் ஈரத்தில் துணி காயாது, பூஞ்சை பிடிக்கும். அப்போது சுத்தமான நீரில் மூழ்கவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, தினமும் நீரை மாற்றுங்கள். தேத்தண்ணிக்கு ஒன்று, கோப்பிக்கு ஒன்று, தேங்காய்ப் பாலுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் ஏறிய துணி சிக்கடிக்கும்.

கறுப்பு நிறம் அழுக்கல்ல, சாயம். அதைப் பார்த்துப் பையைத் தூக்கிப் போட வேண்டாம். கொதிக்கவைத்த பிறகும் நீர் இறங்கத் தாமதித்தாலோ, புளித்த வாடை வந்தாலோ, துணி இளைத்தாலோ மாற்றுங்கள். என் வீட்டில் ஒரு பை மூன்று மாதம் வருகிறது.

காலை நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் நான் நிற்கும் கடையில் தே போடுகிற அண்ணனிடம், கடைசிச் சொட்டு வரை பிழிந்தால் என்ன என்று கேட்டேன். "பிழியாதே தங்கச்சி, பிழிஞ்சா கசப்பும் தூளும் சேர்ந்து வந்துரும். தானா எவ்வளவு வடியுதோ அதுதான் தே" என்றார். தேங்காய்ப் பாலை எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்கிப் பிழியலாம், தேத்தண்ணிப் பையைத் தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நேரம் இருக்குமே. உங்கள் வீட்டுப் பையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நைலானாக இருந்தால் ஒரு முழம் பெலாச்சு வாங்கி வந்துவிடுங்கள்.