கிணற்று நீரும் தராசும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கற் பாறையினுள்ளே தங்கிநிற்கும் மழைநீரே எமக்குக் குடிநீர், தோட்டத்துக்கும் அதுவே. சுன்னாகத்து மின்னிலையச் சூழலில் அந்நீரிலே எண்ணெய் கலந்தமையும், அவ்வழக்கிலே 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் கிணற்றுக்காரருக்காக 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தமையும் அன்பர்கள் அறிந்தனவே. நாம் இங்கு எடுத்துக்கொள்வது வழக்கையன்று, அளவையை.

அந்நாட்களில் ஊரவர் கேட்டது ஒரே வினா: 'இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமோ?' விடைகளோ ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதற்கு அரசியலை மாத்திரம் காரணங்காட்டுவோர் அளக்கும் முறையையும் சற்று நோக்குதல் வேண்டும்.

அறிக்கைகளில் வரும் 'எண்ணெயும் கிரீசும்' என்பது ஒரு பொருளின் பெயரன்று. நீரை அமிலப்படுத்தி, எக்சேன் என்னும் கரைப்பானுடன் குலுக்கி, கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சியதை நிறுப்பதே வழக்கமான முறை. எஞ்சியது டீசலோ தேங்காயெண்ணெயோ, தராசு அறியாது. அதனினும் பெரிய குறை, ஆவியாக்கும்போது பென்சீனும் தொலுயீனும் கரைப்பானோடு பறந்துபோதல். மேலும், அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனத்தின் 1664 ஆம் இலக்க முறை இலீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே நம்பத்தக்க தொகை தருவதில்லை. குடிநீரிற் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ 10 மைக்கிரோகிராம். அஃதாவது அதன் 500 இல் ஒரு பங்கு. விறகு நிறுக்கும் தராசிலே பொன் நிறுத்தல் போலாம்.

ஆதலின் 'எண்ணெய் காணப்படவில்லை' என்பது 'பென்சீன் இல்லை' எனப் பொருள்படாது. அதனை அறியச் சேர்வைகளை வாயுநிலையிற் பிரித்துத் திணிவினால் இனங்காணும் கருவி வேண்டும். கருவி இருந்தும் போத்தல் காரியத்தைக் கெடுத்துவிடும். பிளாத்திக்குப் போத்தலின் சுவரிலே எண்ணெய் ஒட்டிக்கொள்ளும்; கழுத்திலே காற்றிடம் விட்டாற் பென்சீன் அங்கே ஏறிவிடும். கண்ணாடிக் குப்பியை விளிம்புவரை நிரப்பிக் குளிரில் வைத்தல் வேண்டும். தூயநீர்க் குப்பியொன்றும் உடன் சென்று மீளுதல் வேண்டும். அதிலும் பென்சீன் தென்படின் குற்றம் கிணற்றினதன்று.

எமது கல்லூரி அக்கருவியை வாங்கவேண்டுமென நாம் கூறவில்லை. விலையைக் கேட்டாற் பொருளாளர் மயங்கி வீழ்வார். ஆயின் உயர்தர வகுப்பு மாணவர் மாதிரியெடுக்கும் ஒழுங்கைக் கல்லூரிக் கிணற்றிலிருந்தே பழகலாம். அறிக்கையொன்று கைக்கு வந்ததும், எம்முறையால் அளந்தனர், எவ்வளவுக்குக் கீழ் அம்முறை காணாது, தூயநீர்க் குப்பி என்ன காட்டிற்று என வினவவும் கற்கலாம். பரீட்சைக்கு வாராதென ஆசிரியர்கள் இதனை ஒதுக்காதிருப்பாராக. விழா நிதியிற் சிறுபகுதியைக் கண்ணாடிக் குப்பிகளுக்கும் ஒரு குளிர்ப்பெட்டிக்குமாக ஒதுக்குமாறு பழைய மாணவர் சங்கத்தாரை வேண்டுகின்றோம்.