நரம்பு ஊசி, நோ காஸ்ட் இஎம்ஐ: ஒரு வங்கிக்காரனின் புலம்பல்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு இருபது வருஷமாகக் கடன் ஃபைல் பார்க்கிறவன். முக்கியமான காகிதம் இல்லாமல் பணம் கைமாறினால் எனக்கு மூக்கு வேர்க்கும். அவ்வளவுதான் தகுதி.

வடோதராவில் எங்கள் பக்கம் ஒரு ஸ்கின் அண்ட் ஹேர் கிளினிக். தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சிலந்தி வலை மாதிரி நீலமும் சிவப்புமாகப் படரும் கோடுகளுக்கு ஊசி போடுகிறார்கள். ஆறு சிட்டிங் ஒரு பேக்கேஜ். கத்தி இல்லை, தழும்பு இல்லை, நோ காஸ்ட் இஎம்ஐ உண்டு. எங்கள் சொசைட்டித் தமிழ்ப் பெண்மணி ஒருவர் போய் 45,000 ரூபாய் கட்டிவிட்டு வந்தார். அவருக்கு சாயங்காலமானால் கணுக்கால் வீங்கும், ஆடுசதையில் முறுக்கிய கயிறு போல ஒன்று புடைத்திருக்கும், கணுக்கால் தோல் கறுத்துப் போயிருக்கிறது. இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. கோடுகளுக்கு மட்டும் ஊசி. எட்டு மாதத்தில் கோடுகள் திரும்பி வந்தன, வீக்கம் போகவே இல்லை.

ஊசி மேல் எனக்கு விரோதம் கிடையாது மக்களே. ஸ்க்லெரோதெரபி பழைய, நல்ல வைத்தியம். பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் என்ற மருந்தை மெல்லிய ஊசியால் அந்தச் சிரைக்குள் செலுத்துவார்கள். அது உள்சுவரைப் புண்ணாக்கும், சிரை ஒட்டி மூடிக்கொள்ளும், சில வாரம் முதல் சில மாதத்தில் உடம்பு அதைக் கரைத்துவிடும். 1 மி.மீ.க்கும் குறைவான சிலந்திக் கோடுகளுக்கும், 3 மி.மீ. வரையிலான நீலச் சிரைகளுக்கும் இதுதான் கைகண்ட வழி. வலி, வீக்கம் எதுவும் இல்லாமல் வெறும் கோடு மட்டும்தான் என்றால் ஸ்கேன்கூட எப்போதும் தேவைப்படாது.

என் சண்டை மற்ற கால்களைப் பற்றி. காலில் இருந்து ரத்தம் மேலே ஏறக் குட்டிக் குட்டி வால்வுகள் இருக்கின்றன. தொடை இடுக்கில் பெரிய சிரையின் வால்வு பழுதானால் ரத்தம் கீழே வழிந்து தேங்கும். புடைப்பு, வீக்கம், கறுப்பு, கடைசியில் ஆறாத புண். மேல் மாடியில் டேங்க் ஒழுக, கீழ் வீட்டுச் சுவருக்கு பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும்? ஒழுகல் இருக்கிறதா என்று காட்டுவது டாப்ளர் ஸ்கேன், அதுவும் நோயாளியை நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். 2013இல் வந்த பிரிட்டிஷ் நைஸ் வழிகாட்டி, வெரிகோஸ் என்றால் முதலில் ஸ்கேன், பெரிய சிரை ஒழுகினால் முதல் தேர்வாக லேசர் அல்லது ரேடியோ அலை, அது ஒத்துவராவிட்டால் நுரை ஊசி என்றுதான் வரிசைப்படுத்துகிறது. நம் பெண்மணியின் ஃபைலில் இருந்தது ரசீது மட்டும்! பிறகு ரத்தநாள அறுவை நிபுணர் ஒருவர் ஸ்கேன் எடுத்தார். ஒழுகல் தொடை இடுக்கில்.

பாதிக் குற்றம் நம் பாஷையிலும் இருக்கிறது. நாம் சிரையையும் நரம்பு என்போம், நரம்பையும் நரம்பு என்போம். இங்கே வந்தால் இந்தியிலும் 'நஸ்' என்ற ஒரே சொல். அதனால் "நரம்பு வீக்னஸ்" என்று வைட்டமின் ஊசி போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் அலைகிறவர்களைப் பார்க்கிறேன். போக வேண்டியது ரத்தநாள நிபுணரிடம். மொழி தெரியாத ஊரில், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது, சம்மதப் படிவத்தை யாராவது அவருக்குத் தமிழில் சொல்கிறோமா? ஊசி போட்ட இடத்தில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கலாம், புதிதாக மெல்லிய கோடுகள் முளைக்கலாம், மருந்து வெளியே கசிந்தால் தோல் புண்ணாகலாம், அபூர்வமாக ஆழ்சிரையில் ரத்தம் உறையலாம். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. (பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பலருக்குத் தானாகவே அடங்கிவிடும் என்பதையும் பேக்கேஜ் விற்பவர் சொல்ல மாட்டார்.)

இனி என் டிபார்ட்மெண்ட். வட்டியில்லா இஎம்ஐ என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும். ஆறு சிட்டிங் பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டால், மூன்றாவதில் கறை விழுந்து நீங்கள் நிறுத்தினாலும் கடன் தவணை நிற்காது. பில்லைப் பாருங்கள். நோய்க்கான சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அழகு சிகிச்சைக்குக் கிடையாது. வாயால் "நோய், உடனே செய்யணும்" என்று பயமுறுத்திவிட்டு பில்லில் ஜிஎஸ்டி போட்டால், அவர்கள் கணக்கிலேயே அது அழகு சமாச்சாரம். இன்ஷூரன்ஸ்காரரும் அந்த பில்லை அப்படியே திருப்பி அனுப்புவார். உண்மையான வெரிகோஸுக்கே பல பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பு உண்டு, க்ளெய்முக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டும் டாக்டரின் கடிதமும் கேட்பார்கள். ஸ்கேன் எடுக்காமல் ஊசி போட்டுக்கொண்டவர் எந்தக் காகிதத்தை நீட்டுவார்?

நம் பெண்மணிக்கு மீதி மூன்று சிட்டிங் பாக்கி இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "நான் ரீஃபண்டபிள், வேண்டுமானால் முகத்துக்கு ஃபேஷியல் செய்து தருகிறோம்" என்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.