வலிப்பு வருமா? ரத்தம் சொல்லும்!

பவானிப் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கினால் பெரியவர்கள் பதற மாட்டார்கள்.

“அது நீர் கண்ணு. பெத்துட்டா வடிஞ்சு போயிரும்” என்பார்கள்.

பலருக்கு வடிந்தும் விடுகிறது. சிலருக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. சிறுநீரில் புரதம் போகிறது. தலை வலிக்கிறது. கண் மங்குகிறது. கடைசியில் வலிப்பு! தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. டாக்டர்கள் இதை ‘பிரீ எக்லாம்ப்சியா’ என்கிறார்கள்.

முன்கூட்டியே அறிய முடியாதா? முடியும். வழி காட்டியவர்களில் ஒருவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் அனந்த் கருமாஞ்சி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஆராய்ச்சி செய்தார். 2003-ம் ஆண்டு அவருடைய குழுவினர் முடிவை வெளியிட்டார்கள்.

குற்றவாளி யார்? நஞ்சுக்கொடி!

அதிலிருந்து இரண்டு பொருள்கள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. ஒன்று ரத்தக் குழாய்களைப் பேணுவது. மற்றொன்று அதைப் பிடித்து முடக்குவது. இந்த நோயில் நல்லது குறைகிறது; முடக்குவது பெருகுகிறது. சினை எலிகளின் உடம்பில் அதைப் பெருகச் செய்தார்கள். எலிகளுக்கும் கொதிப்பு ஏறியது!

இப்போது இரண்டையும் அளந்து, முடக்கும் பொருளின் அளவை நல்ல பொருளின் அளவால் வகுக்கிறார்கள். நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்ட பெண்களை 14 நாடுகளில் சோதித்த முடிவு 2016-ல் வந்தது. கணக்கு 38-க்கு மேல் போகாவிட்டால், அடுத்த ஒரு வாரத்துக்குப் பயமில்லை. 100-க்கு 99 சரி. மேலே போனால்? நான்கு வாரத்துக்குள் நோய் கண்டவர்கள் 100-க்கு 37 பேர்தான். ஆகவே இது ஜோசியம் அல்ல. யாரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று காட்டும். பர்கூர் மலையிலிருந்து இறங்கி வரும் பெண்ணுக்கு அது சின்ன விஷயமா?

மூன்றாம் மாதத்திலேயே சோதித்து, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்தும் பார்த்தார்கள். குறைமாதத்தில் வரும் நோய் பாதிக்குமேல் குறைந்தது. இது 2017-ல் வெளிவந்த செய்தி. (கடையில் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. டாக்டர் சொல்ல வேண்டும்.)

இந்தச் சோதனை பணக்கார ஆஸ்பத்திரிகளோடு நின்றுவிடக் கூடாது. பவானியில் ரத்தம் எடுத்தால் மறுநாளே முடிவு வர வேண்டும்; சர்க்கார் செலவில் வர வேண்டும்.

ஆனால் நம் வீடுகளையும் சொல்ல வேண்டும். ரத்தக் கொதிப்பும் சிறுநீரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். ஜமக்காளத் தறி நின்றால் கூலி போகும் என்று அதையே தள்ளிப் போட்டால், புதுச் சோதனை வந்து என்ன செய்யும்?

அட்டையில் 140-க்கு 90 என்றோ அதற்கு மேலோ எழுதியிருந்தால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.