நான்காவது நிறுத்தத்தில் ஒரு வளையம்

"ஜெனிவா பக்கத்தில் 27 கிலோமீட்டர் வளையச் சுரங்கத்தில் புரோட்டான்களை மோதவிட்டு நமக்கு என்ன லாபம்?" என்று தேக்கா காப்பிக்கடையில் அண்ணன் ஒருவர் அடித்துப் பேசினார்.

அண்ணே, லிட்டில் இந்தியாவில் எம்ஆர்டி ஏறினால் நான்காவது நிறுத்தம் ஊட்ரம் பார்க். அங்கே தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2023 முதல் ஒரு சின்ன வளையம் இயங்குகிறது. காந்தம் வளைக்க, மின்புலம் ஒவ்வொரு சுற்றிலும் உந்த, ஒளியின் பாதி வேகத்தையும் தாண்டவல்ல புரோட்டான்கள் புற்றுக்கட்டிக்குள் போய் நின்று, அங்கேயே ஆற்றலைக் கொட்டுகின்றன. காந்தமும் மின்புலமும் சேர்ந்த இந்த உத்திதான் ஜெனிவா வளையத்துக்கும் அடிப்படை.

லாபத்தை விடுங்கள். 1964இல் வெறும் கணக்காக இருந்த ஹிக்ஸ் துகள் 2012இல் அங்கே அகப்பட்டது. அந்தத் துகளுக்குரிய ஹிக்ஸ் புலம் இல்லையென்றால் எலக்ட்ரானுக்கு நிறை இல்லை, அணுவே உருவாகியிருக்காது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் லாபக் கணக்கு கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.