பழைய கணிப்பொறி: புதுப்பிப்பதா? மாற்றுவதா?

வீட்டிற்கு ஒரு பொருள் வாங்குவதென்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! மாடு பிடிப்பதென்றால் பல்லைப் பார்க்கிறோம். சேலை எடுப்பதென்றால் முந்தியைப் பிரித்துப் பார்க்கிறோம். மண்பானையைக்கூடச் சுண்டிப் பார்த்து, ஓசை கேட்ட பிறகுதான் காசு கொடுக்கிறோம். ஆனால் கணிப்பொறி என்று வந்துவிட்டால் மட்டும் நமக்கு வாயடைத்துப் போகிறது. "இது பழசு, இனி உதவாது, புதுசு வாங்குங்கள்" என்று கடையில் சொல்லிவிட்டால் அதுவே தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. இது சரிதானா என்று சற்றே சிந்திப்போம்.

புளியறையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல வீடுகளில் இருக்கும் மடிக்கணினி, விலை கொடுத்து வாங்கியதன்று. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவ மாணவியர்க்கு 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அக்காள் பிளஸ் டூ படிக்கையில் பெற்றது, இன்று தங்கையின் கைக்கு வந்திருக்கிறது. அது விழித்தெழுவதற்குள் அம்மா ஒரு பானைச் சோறு வடித்துவிடுகிறார்!

இந்த வேளையில்தான் இன்னொரு செய்தியும் வந்தது. 2015-இல் வெளியான விண்டோஸ் 10-க்குத் தரப்பட்டு வந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. தனியே பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும், 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் நீட்டிக்கப்பட்டன. அடுத்து வந்த விண்டோஸ் 11-ஓ, பழைய பொறிகள் பலவற்றை ஏற்க மறுக்கிறது. 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவற்றோடு, இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியையும் அது கேட்கிறது. 2011-இலோ 2014-இலோ கொடுத்த மடிக்கணினிக்கு இவை எங்கிருந்து வரும்? ஆகவே, நன்றாக ஓடும் பொறியைக்கூடத் தூக்கியெறிய வேண்டுமோ என்ற அச்சம் வீடுகளில் எழுந்திருக்கிறது.

இது வெறும் இயந்திரத்தைப் பற்றிய பேச்சன்று. வீட்டு வரவு செலவைப் பற்றிய பேச்சு. நெல் அறுத்த பணமோ, சீட்டு எடுத்த பணமோ, எதுவாயினும் அது ஒரே பணம்தான். அதைக் கணிப்பொறியில் போட்டுவிட்டால் கல்லூரிக் கட்டணத்திற்கு எங்கே போவது? மேலும் ஓர் உண்மையை நாம் மறைக்க வேண்டியதில்லை. கையிருப்பு போதவில்லையென்றால், பல வீடுகளில் முதலில் வெட்டு விழுவது பெண் பிள்ளையின் தேவைக்குத்தான். "தம்பிக்கு வாங்குவோம், நீ அதிலேயே பார்த்துக்கொள்" என்ற சொல்லை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்! குறைந்த செலவில் பழையதை எழுப்பி நிறுத்தும் வழி தெரிந்தால், அது நமக்கென்று ஒரு கணிப்பொறி கிடைக்கும் வழியுமாகும். அதனாலேயே இதை நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது எத்தனை ஆண்டுப் பழசு?" என்பதன்று, "இதனால் நமக்கு ஆக வேண்டிய வேலை என்ன?" என்பதே. கட்டுரை தட்டச்சு செய்ய வேண்டும், பாடக் காணொளி பார்க்க வேண்டும், விண்ணப்பம் நிரப்ப வேண்டும், பிளஸ் ஒன்னிலும் பிளஸ் டூவிலும் வரும் சி++, பைத்தான் பயிற்சிகளைச் செய்து பார்க்க வேண்டும் என்றால், இவற்றுக்கெல்லாம் பெரிய பொறி தேவையில்லை. கட்டட வரைபடம், திரைப்படத் தொகுப்பு போன்ற கனத்த வேலையென்றால் கதை வேறு. கொத்தமல்லி நறுக்க அரிவாள் எதற்கு?

இரண்டாவது கேள்வி, "எந்த உறுப்பு தளர்ந்திருக்கிறது?" என்பது. இதற்கு விடை நம் ஊர் ரயில் பாதையிலேயே இருக்கிறது. பகவதிபுரத்தைத் தாண்டி ஆரியங்காவு நோக்கி மலையேறும் செங்கோட்டை - புனலூர் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. 2010-இல் மீட்டர் கேஜ் வண்டிகள் நிறுத்தப்பட்டு, 2018-இல் அகலப்பாதையில் வண்டிகள் ஓடலாயின. தண்டவாளம் மாறியது, வண்டி மாறியது. ஆனால் கழுதுருட்டி அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலத்தை இடித்துத் தள்ளவில்லை. அந்தக் கருங்கல் பாலத்தைப் பலப்படுத்தி, அதன் மேலேயே புதிய பாதையைப் போட்டார்கள். எதை மாற்ற வேண்டும், எதைப் பலப்படுத்தினால் போதும் என்று பிரித்தறிந்ததே அந்த வேலையின் சிறப்பு. கணிப்பொறிக்கும் இதே நியாயம்தான்.

பழைய மடிக்கணினி மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் மூளையாகிய செயலியன்று, ஹார்டு டிஸ்க்தான். அதனுள் ஒரு தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழன்றுகொண்டிருக்கும். அதன்மேல் ஒரு முள் அங்குமிங்கும் ஓடிச் செய்தியைத் தேடும். சிதறிக் கிடக்கும் ஆயிரம் துண்டுகளைத் தேடுவதற்கு அந்த முள் ஆயிரம் முறை ஓட வேண்டும். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் முள்ளும் இல்லை, எல்லாம் சில்லுகளே. இந்த ஒரே மாற்றத்தால், எழுந்திருக்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்ட பொறி ஒரு நிமிடத்திற்குள் எழுந்துவிடுவதுண்டு. ஒரு திருப்புளியும் பொறுமையும் போதும்.

அடுத்தது ராம் என்னும் நினைவகம். அதைச் சமையலறை மேடை எனலாம். மேடை சிறிதானால், ஒவ்வொரு பாத்திரத்தையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் அடுத்ததை வெளியே எடுக்க வேண்டும். 2 ஜி.பி. நினைவகத்தோடு இன்றைய இணையப் பக்கங்களைத் திறப்பது அப்படிப்பட்ட பாடுதான். 4 ஜி.பி. இருந்தால் சமாளிக்கலாம், 8 ஜி.பி. இருந்தால் நிம்மதி. ஆனால் டி.டி.ஆர்.3 வகை கேட்கும் பொறியில் டி.டி.ஆர்.4 பொருந்தாது, சில பொறிகளில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆகவே திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் கணிப்பொறி நிலையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது என்பதையும் மறக்கலாகாது. போன ஆண்டு ஒருவர் சொன்ன விலையை நம்பாமல், இன்றைய விலையை மூன்று கடைகளில் கேட்பது நலம்.

எந்த உறுப்பு தளர்ந்தது என்று எப்படி அறிவது? விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பொறி திணறும்போது டிஸ்க் என்ற இடத்தில் 100 விழுக்காடு என்று நின்றால் குறை ஹார்டு டிஸ்கில். மெமரி என்ற இடம் நிரம்பி வழிந்தால் குறை ராமில். கைநாடி பார்த்து நோயறிவது போன்றதே இது. இதற்குக் காசு வேண்டாம். கண் இருந்தால் போதும்.

சரி, விண்டோஸ் கைவிட்ட பொறிக்கு என்ன வழி? விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புளியறைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் போதும். கேரளத்தில் 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமும், அதன் தொடர்ச்சியாக 2017-இல் நிறுவனமாக அமைந்த 'கைட்' அமைப்பும், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பரப்பிவிட்டன. உரிமத்திற்குக் காசு கட்ட வேண்டாம். தம் மொழிக்கும் பாடத்திற்கும் ஏற்பத் திருத்திக்கொள்ளலாம். மலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆகிறது, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆகாதா? நமக்கும் இது புதிதன்று. 2018-இல் வந்த நம் பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடநூலிலேயே விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் பாடமாக வைக்கப்பட்டது. படித்தோம், தேர்வெழுதினோம், வீட்டுப் பொறியில் போட்டுப் பார்த்தோமா? லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, உள்ளே இருப்பது எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் நிறுவிக்கொள்ளலாம்.

ஆனால் ஒருபக்க நியாயம் மட்டும் பேசுவது முறையாகாது. வணிகவியல் படித்து டாலி கற்று வேலைக்குப் போக எண்ணும் மாணவிக்கு விண்டோஸ் தேவைப்படும். இன்ன மென்பொருள்தான் வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டால் அதற்கு ஏற்றதைத்தான் தேட வேண்டும். பழையதின்மேல் உள்ள பாசமும் ஒரு செலவுதான். இன்று மின்கலம், நாளை விசைப்பலகை, மறுநாள் திரை என்று சிறுகச் சிறுகப் போட்டால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும். அதற்கு ஓர் எல்லை வேண்டும். புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கிற்குள் முடிந்தால் புதுப்பிக்கலாம். அதைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும் என்பது நம் கருத்து. அந்தக் கணக்கை, முதல் உறுப்பை வாங்குவதற்கு முன்னரே மொத்தமாகத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

தாய்ப்பலகை பழுதானாலோ, குற்றாலச் சாரல் காலத்து ஈரத்தில் உள்ளே பச்சை படர்ந்து அரித்திருந்தாலோ பொறியை மாற்றுவதே அறிவு. மின்கலம் உப்பியிருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அது தீப்பிடிக்கக் கூடியது. அப்படி மாற்றும்போதும் புத்தம் புதியதுதான் வேண்டும் என்பதில்லை. அலுவலகங்களில் சில ஆண்டுகள் ஓடி, சீர்செய்து விற்கப்படும் பொறிகள், உத்தரவாதச் சீட்டோடு கிடைத்தால் நல்லவையே. கல்லூரியில் சேரப்போகும் மாணவியர், 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் தமிழக அரசு அறிவித்த, இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கருவி வழங்கும் திட்டத்தில் தமக்கு இடமுண்டா என்று சேரும் கல்லூரியில் விசாரித்த பின் பணத்தை எடுப்பது நன்று.

எந்த வழியில் போனாலும் கோப்புகளையும் படங்களையும் முதலில் வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். பொறி போனால் வாங்கலாம். பாட்டியின் ஒரே புகைப்படம் போனால் வாங்க முடியுமா? கழித்த உறுப்புகளை வாய்க்காலில் வீசவும் கூடாது. அவற்றில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டு. அந்த நீர்தான் நம் வயலுக்குப் பாய்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டியவை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தையல் இயந்திரத்தில் ஊசி மாற்றவும், மிதிவண்டியின் சங்கிலியை மாட்டவும் நாம் பிறரை எதிர்பார்ப்பதில்லை. கணிப்பொறியின் மூடியைத் திறப்பது மட்டும் ஆண்பிள்ளைகளின் வேலை என்று யார் எழுதி வைத்தது? மின்னிணைப்பைத் துண்டித்து, மின்கலத்தைக் கழற்றி, ஆசிரியையின் மேற்பார்வையில் ஒரு பழைய பொறியை நாமே திறந்து பார்க்க, வாரத்திற்கு ஒரு மணி நேரம் ஒவ்வொரு பெண்கள் பள்ளியிலும் ஒதுக்கப்பட வேண்டும். அங்கே கற்றவள் தன் வீட்டுப் பொறியை மட்டுமன்று, தெருவிலுள்ள நான்கு வீட்டுப் பொறிகளையும் காப்பாற்றுவாள். "புதுசு வாங்குங்கள்" என்று கடையில் சொல்லும்போது, "எந்த உறுப்பு கெட்டது? காட்டுங்கள்" என்று கேட்கும் துணிவும் அவளுக்கு வரும்.

புதியது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேலையை அறிந்து, குறையை அறிந்து, கையிருப்பை அறிந்து, அதன் பிறகு முடிவு செய்வோம் என்றே சொல்கிறோம். அந்த முடிவு கடைக்காரருடையதாகவோ, எங்கோ இருக்கும் நிறுவனத்தினுடையதாகவோ இராமல் நம்முடையதாக இருக்கட்டும். பணம் நம் பெற்றோரின் வியர்வை அன்றோ!