வரப்பை நகர்த்துறதுக்கு முன்னாடி

போன வாரம் மகள் சென்னையில இருந்து வந்திருந்தா. அவளோட மேக் லேப்டாப்புல இருக்கிற படங்களை நம்ம வீட்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குல போட்டு வைக்கலாம்னு பார்த்தா, டிஸ்க் திறக்குது, படம் தெரியுது, ஆனா புதுசா ஒண்ணும் எழுத விடமாட்டேங்குது. டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில இருக்கு. மேக் அதைப் படிக்கும், தானா எழுதாது. "ரெண்டாப் பிரிச்சு ஒரு பாகத்தை எக்ஸ்ஃபேட் ஆக்கிட்டா விண்டோஸ், மேக் ரெண்டுலயும் ஓடும்ப்பா"ன்னா.

டவுனுக்குப் போனப்ப ஒரு கம்ப்யூட்டர் கடையில கேட்டேன். "அஞ்சு நிமிச வேலைங்ணா. டேட்டா ஒண்ணும் போகாது" என்றார் அங்கிருந்த தம்பி. "போயிட்டா?" என்றேன். "போகாதுங்ணா." டிஸ்க்கை மறுபடியும் பைக்குள்ள போட்டுக்கிட்டு வீடு வந்துட்டேன்.

காரணம் இருக்கு. 1 டிபி டிஸ்க் அது. (விண்டோஸ்ல 931 ஜிபின்னுதான் காட்டும். யாரும் திருடலைங்க. கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024-ஆ எண்ணுது. ஊருக்கு ஊர் படி மாறுற மாதிரி.) அதுல 580 ஜிபி நிறைஞ்சிருக்கு. பன்னிரண்டு வருச தோட்டத்துப் படங்கள், பத்திரம், பட்டா ஸ்கேன், மஞ்சள் வித்த கணக்கு. கூடவே, எங்கம்மா இறந்துபோறதுக்கு முந்தின வருசம் களை எடுத்துக்கிட்டே பாடினதை போன்ல பிடிச்ச ரெண்டு நிமிசம்.

இதுக்கு 'பேக்கப் டிஸ்க்'னு பேரு வச்சிருக்கோம். ஆனா உண்மை என்ன? லேப்டாப்புல இடம் பத்தலைன்னு ஒவ்வொண்ணா இதுக்கு மாத்திட்டு, அங்கே அழிச்சாச்சு. அப்போ இது நகல் இல்லை, இதுதான் அசல். ஒரே பிரதி. உங்க வீட்டு பீரோவுல இருக்கிற டிஸ்க்கும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

டிஸ்க்கைப் பிரிக்கிறது நிலத்தைப் பாகம் பிரிக்கிற மாதிரிதான். மண்ணு அதேதான், மாறுறது புலப்படத்துல இருக்கிற கோடு. டிஸ்க்லயும் ஆரம்பத்துல ஒரு சின்ன அட்டவணை இருக்கு: இந்தப் பாகம் இங்கே தொடங்குது, இவ்வளவு நீளம்னு. அந்தக் கணக்கு கெட்டுப்போனா, உள்ளே பயிர் அப்படியே நின்னாலும் கம்ப்யூட்டருக்கு வெறும் தரிசாத்தான் தெரியும். புது ஜிபிடி முறையில அந்த அட்டவணையோட நகல் ஒண்ணை டிஸ்க்கோட கடைசியிலும் எழுதி வைக்குது. பாருங்க, டிஸ்க்கே தன்னோட பத்திரத்துக்கு நகல் வச்சிருக்கு. நாமதான் வைக்கறதில்லை.

வரப்பு எந்தப் பக்கம் நகருதுங்கறது முக்கியம். பாகத்தோட கடைசியில சும்மா கிடக்கிற இடத்தை வெட்டி எடுக்கிறது சின்ன வேலை. விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்தா போதும், தனி சாஃப்ட்வேர் வேண்டாம். (டிஸ்க் முழுக்க எக்ஸ்ஃபேட்ல இருந்தா இந்த வசதி கிடையாது.) ஆனா பாகத்தோட தொடக்கத்தை நகர்த்தணும்னா ஜிபார்ட்டட் மாதிரி ஒண்ணு வேணும். அது உள்ளே இருக்கிற மொத்தத்தையும் பிடுங்கி வேற இடத்துல நடணும். மணிக்கணக்கா ஓடும். நடுவுல கரண்ட் போச்சுன்னா, இல்லை கேபிள் அசைஞ்சதுன்னா, பாதி நாத்து இந்த வயல்ல, பாதி அந்த வயல்ல.

அதனாலதான் சொல்றேன், 'டேட்டா போகாமப் பிரிச்சுத் தரோம்'ங்கற வாக்கை எந்த சாஃப்ட்வேரும் கொடுக்க முடியாது. அந்த வாக்கைக் கொடுக்கறது ரெண்டாவது பிரதி மட்டும்தான்.

நான் இன்னொரு 1 டிபி டிஸ்க் வாங்கினேன். ஒரு ஆட்டுக்குட்டி விலைதான். நம்ம பழைய லேப்டாப்புல காப்பி ஆக ஏழு மணி நேரம் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவை கரண்ட் போச்சு, பேட்டரி தாங்குச்சு. ஆன பிறகு ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிட்டேன். அங்கங்கே நாலைஞ்சு ஃபைலைத் திறந்தும் பார்த்தேன். அம்மா பாட்டு முழுசா ஓடுச்சு. அப்புறம் புது டிஸ்க்கைக் கழட்டித் தனியா வச்சுட்டேன். ரெண்டும் சொருகி இருந்தா எதை ஃபார்மட் பண்றோம்னு கை தடுமாறும்.

பழைய டிஸ்க்குல பிழை இருக்கான்னு ஒரு தடவை சோதிச்சுட்டு, 200 ஜிபி சுருக்கி, அந்தக் காலி இடத்துல மட்டும் எக்ஸ்ஃபேட் பாகம் போட்டேன். எவ்வளவு நேரம் ஆச்சுங்கறீங்க? அஞ்சு நிமிசம்தான். அந்தக் கடைத் தம்பி சொன்னது சரிதான். ஆனா அந்த அஞ்சு நிமிசம் நான் பதறாம உட்கார்ந்திருந்தேனே, அதுக்கு முந்தின ஏழு மணி நேரம்தான் காரணம்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சுட்டு, 'ஒண்ணுல அசல், ஒண்ணுல நகல்'னு நிறைய பேரு வைக்கறாங்க. ஒரே வயலுக்கு நடுவுல வரப்பு போட்டா ரெண்டு வயல் ஆயிடுமா? வெள்ளம் வந்தா ரெண்டும் சேர்ந்துதான் போகும். எங்கய்யன் விதைச் சோளத்தைப் பாதி இங்கே குதிர்லயும், பாதி அக்கா வீட்லயும் வச்சிருப்பாரு. "எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ வைக்காதே"ம்பாரு.

புது டிஸ்க்கை மகள்கிட்டயே கொடுத்து அனுப்பிட்டேன். விதை இப்போ சென்னையில இருக்கு.